நீலமாகாத உப்பு

இருபத்திரண்டு வருடமாகப் பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் நடத்துகிறேன். ஐசோடோப்பு பாடம் வந்தால் நான் கையில் எடுப்பது தாம்பரம் மின்சார ரயிலைத்தான். "ரெண்டு பேர் ஒரே மாதிரி டிக்கெட் வச்சிருக்காங்க. ஒருத்தர் கையில சின்னப் பை, இன்னொருத்தர் தலையில மூட்டை. டிக்கெட் பரிசோதகர் எதைப் பார்ப்பார்?" என்று கேட்பேன். டிக்கெட்டை என்று வகுப்பு கத்தும். டிக்கெட் என்பது புரோட்டான்களின் எண்ணிக்கை, மூட்டை என்பது நியூட்ரான்கள். புரோட்டான் ஐம்பத்து மூன்று இருந்தால் அது அயோடின். நியூட்ரான் எழுபத்து நான்கானாலும் அயோடின்தான், எழுபத்தெட்டானாலும் அயோடின்தான். இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கரும்பலகையைத் துடைத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விடுவேன். அந்த மூட்டைக்காரரை ஒருநாள் நானே விழுங்க வேண்டியிருக்கும் என்று கனவிலும் நினைத்ததில்லை.

போன வருடம் என் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தைராய்டு சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள். சுரப்பியை அறுத்து எடுத்துவிட்டார்கள். ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் உள்ளே மிச்சம் இருக்கலாம், அவற்றை அழிக்கக் கதிரியக்க அயோடின் கொடுக்கவேண்டும் என்றார் டாக்டர். உடம்பில் அயோடினை ஆசையோடு பிடித்து வைத்துக்கொள்வது தைராய்டு திசுதான். சாதாரண அயோடினுக்கும் கதிரியக்க அயோடினுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. டிக்கெட்டைப் பார்த்து உள்ளே விடும். உள்ளே போனது எட்டு நாளில் பாதி, அடுத்த எட்டு நாளில் அதில் பாதி என்று சிதைந்துகொண்டே தன்னைப் பிடித்துவைத்த திசுவையும் அழித்துவிடும். சிதைந்த ஒவ்வொரு அணுவும் கடைசியில் செனான் ஆகிவிடும். யார் வம்புக்கும் போகாத வாயு அது. மூச்சோடு மூச்சாக வெளியே போய்விடும். டாக்டர் இதைச் சொன்னபோது எனக்குப் பயத்தைவிட மரியாதைதான் அதிகமாக வந்தது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

"ஆனா ஒரு நிபந்தனை மேடம்" என்றார் டாக்டர். "மருந்துக்கு முன்னாடி ரெண்டு வாரம் உங்க உடம்பை அயோடின் இல்லாம பட்டினி போடணும். பட்டினி கிடந்தாத்தான் மருந்தை அள்ளி எடுத்துக்கும். இல்லைன்னா மருந்து அப்படியே சிறுநீர்ல போயிடும்."

ஒரு தாளில் பட்டியல் கொடுத்தார்கள். அயோடின் கலந்த உப்பு கூடாது. பால், தயிர், கடல் மீன், முட்டை மஞ்சள் கரு, கடைப் பண்டம் எதுவும் கூடாது. எடுத்துவிட்ட சுரப்பிக்குப் பதிலாகத் தினம் போட்டுவந்த தைராய்டு மாத்திரையையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மாத்திரை இல்லாமல் சில வாரம் இருந்தால் என்ன ஆகும் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். சித்திரை வெயிலில் எனக்குக் குளிரும். முகம் வீங்கிவிட்டது. மாடிப்படி ஏறினால் நடுவில் உட்கார்ந்துவிடுவேன். ஏற்கெனவே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அந்த நாட்களில் அது மட்டும்தான் என்னிடம் சுறுசுறுப்பாக இருந்தது.

முடிச்சூரில் எங்கள் வீட்டில் மூன்று பேர். நான், திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் கணவர், அவருடைய அம்மா. அத்தைக்கு எழுபது வயது. ஏரித் தண்ணீரில் நெல் போட்டு வந்த குடும்பம், இப்போது அந்த நிலத்தில் மற்றவர்கள் வீடு கட்டியிருக்கிறார்கள். அத்தை மூன்றாவது வரை படித்தவர். என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார். அதில் பாதி மரியாதை, பாதி கேலி. எந்தப் பாதி எப்போது என்று பதினெட்டு வருடமாகியும் எனக்குப் பிடிபடவில்லை.

எங்கள் வீட்டு உப்பு ஜாடி அத்தையின் ராஜ்யம். பெரிய பீங்கான் ஜாடி. வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, ஜாடிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, உப்பை விளிம்பு வரை நிரப்புவார். ஜாடியின் அடி தெரிந்தால் வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள். உப்பு தீர்ந்துவிட்டது என்று வாயால்கூடச் சொல்லக்கூடாது. இந்தப் பதினெட்டு வருடத்தில் ஒரு வெள்ளிக்கிழமையும் அந்த ஜாடியில் உப்புக் கொட்ட என்னை விட்டதில்லை. நானும் கேட்டதில்லை. சோடியமும் குளோரினும் சேர்ந்த ஒரு சேர்மத்துக்கு எதற்குப் பொட்டு என்று மனதுக்குள் சிரித்துக்கொள்வேன்.

பட்டினி தொடங்கவேண்டிய திங்கட்கிழமை, அந்த ஜாடியைக் காலி செய்து கழுவிக் கவிழ்த்தேன். அத்தையின் முகம் சுருங்கியது. தெருவில் தள்ளுவண்டியில் மூட்டை உப்பு விற்பவரிடம் கல் உப்பு வாங்கிவந்தேன். அவரிடம் மிச்சம் இருந்தது கொஞ்சம்தான், ஜாடியில் பாதிக்குத்தான் வந்தது. வாங்கியதை அப்படியே நம்புகிற ஆள் நான் இல்லை. பள்ளி ஆய்வகத்தில் கேட்டு வாங்கிய துளி பொட்டாசியம் அயோடைடு என்னிடம் இருந்தது. பின்பக்கத் துணி துவைக்கும் கல்லின்மேல் ஒரு வெள்ளைத் தட்டை வைத்து, சோறு வடித்த கஞ்சித் தண்ணீரில் உப்பைக் கரைத்து, வினிகர் விட்டு, அதில் இரண்டு சொட்டு அயோடைடு விட்டேன். எலுமிச்சை உதவாது, அதிலிருக்கும் வைட்டமின் சி வந்த நிறத்தை அழித்துவிடும். உப்பில் அயோடின் சேர்த்திருந்தால் கஞ்சி கருநீலமாகிவிடும். இந்தக் கஞ்சி வெள்ளையாகவே இருந்தது. எனக்கு நானே நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

டாக்டரும் போனில் சரி என்றுவிட்டார். அத்தையிடம் சொல்லவேண்டியது மட்டும் பாக்கி. இங்கேதான் நான் சோம்பேறித்தனம் பண்ணினேன். அயோடின், அயோடேட் என்றெல்லாம் எதற்கு விளக்கவேண்டும், அத்தைக்கு எங்கே புரியப்போகிறது என்று நினைத்து, "தூள் உப்பு எனக்கு ஆகாது அத்தை. கல் உப்பு மட்டும்தான் போடணும்" என்றேன்.

"செரி, கல் உப்பு" என்றார் அத்தை.

அந்த இரண்டு வாரமும் அத்தைதான் சமைத்தார். பால் இல்லாத காபி, தயிர் இல்லாத சோறு, கத்திரிக்காய், பீர்க்கங்காய். மூன்று பேருக்கும் ஒரே குழம்பு. நான் சாப்பிட்டுவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தேன். மருத்துவமனையில் தனி அறை கிடைப்பது லேசில்லை, சுவருக்குள் ஈயத் தகடு வைத்த அறை அது. எனக்குப் பட்டினி முடிகிற செவ்வாய்க்கிழமை ஒதுக்கியிருந்தார்கள்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை உடம்பு கொஞ்சம் தேவலை. சும்மா இருக்கமுடியாமல், நான் எதிலிருந்து தப்பித்துக்கொண்டிருக்கிறேன் என்று கணவருக்குக் காட்ட நினைத்தேன். பெருமைதான், வேறென்ன. பின்பக்கக் கல்லில் இரண்டு தட்டு வைத்தேன். ஒன்றில் பக்கத்து வீட்டுத் தூள் உப்பு, இன்னொன்றில் எங்கள் ஜாடி உப்பு. "இது நீலமாகும், இது ஆகாது, பாருங்க" என்று இரண்டிலும் சொட்டு விட்டேன்.

இரண்டும் நீலமாகின.

தட்டைக் கழுவி மறுபடி செய்தேன். மறுபடியும் நீலம். சமையலறைக்குப் போய் ஜாடியைத் திறந்து பார்த்தேன். பாதிக்கும் கீழே இறங்கியிருக்கவேண்டிய உப்பு விளிம்பு வரை இருந்தது. நான் இத்தனை நாளும் சாப்பிட்டது என்ன என்று அப்போது புரிந்தது. பத்து நாள் அயோடின் தின்றிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை மருந்தை விழுங்கினால், வயிறு நிறைந்தவன் விருந்தைப் பார்ப்பதுபோல என் கழுத்திலிருக்கும் துணுக்குகள் அதைப் பார்த்துவிட்டு விட்டுவிடும்.

அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தார். "இந்த ஜாடியில என்ன போட்டீங்க?" என்று கத்தினேன்.

"மொத வெள்ளிக்கெயமயே பாதி ஜாடியா இருந்திச்சி. கடையிலேந்து உப்பு வாங்கியாந்து கொட்னேன். முந்தாநாளும் ரொப்னேன்."

"யாரைக் கேட்டுக் கொட்டினீங்க? என்னைக் கொல்லணும்னு நினைச்சீங்களா?"

சொல்லிவிட்டேன். என் கணவர் என் தோளைப் பிடித்தார். நான் உதறிவிட்டேன். அத்தை குழாயை மூடினார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஷெல்ஃபிலிருந்து ஒரு காலி பாக்கெட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"நீதான சொன்ன, கல் உப்பு போடுன்னு. பாரு, கல் உப்புதான் வாங்கியாந்தேன்."

பாக்கெட்டில் பெரிய எழுத்தில் கல் உப்பு என்றுதான் போட்டிருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் அயோடின் கலந்தது என்று இருந்தது. அத்தை நான் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்திருந்தார். பிசகு என்னுடையது. ஒரு பொருளைத் தோற்றத்தை வைத்து எடைபோடாதே என்று இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளின் விடைத்தாளில் சிவப்பு மையால் எழுதுகிற நான், வீட்டில் தூள், கல் என்று தோற்றத்தை வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தெரிந்தது, வாய் வரவில்லை.

என் கணவர் ஆறுதலாக ஏதோ சொல்லப் பார்த்தார். "ஒரு சிட்டிகை உப்புதானே, ஒண்ணும் ஆகாது. ரூம் கிடைச்சிருக்கு, போயிட்டு வந்துடலாம். விட்டா மறுபடி எப்போ கிடைக்குமோ."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இன்னும் இரண்டு வாரம் மாத்திரை இல்லாமல் இந்தக் குளிரையும் வீக்கத்தையும் தாங்கமுடியும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அத்தை விடவில்லை. "இன்னாடா பேசற நீ? மருந்து வேல செய்யாங்காட்டி போயி இன்னா பிரயோஜனம்? போன் போட்டு டாக்டராண்ட மெய்யச் சொல்லு. கெய்வி தெரியாம கொட்டிட்டான்னு சொல்லு. எம்மேல போடு."

மறுநாள் காலையில் போன் செய்தேன். "வீட்டில் உப்பில் ஒரு சின்னக் குழப்பம்" என்றேன். யாருடைய குழப்பம் என்று சொல்லவில்லை. அத்தை பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். நல்லவேளை சொன்னீர்கள் என்று டாக்டர் தேதியைத் தள்ளிவைத்தார். பதினாறு நாள்.

அன்றைக்கு மதியம் அத்தை என் கட்டிலுக்கு வந்தார். கையில் இரண்டு கல் உப்பு. ஒன்று வண்டிக்காரர் உப்பில் சிந்தியது, ஒன்று பாக்கெட்டில் ஒட்டியிருந்தது.

"ரெண்டும் ஒரே மாரிதான் கீது. துன்னாலும் ஒரே கரிப்புதான். இது மட்டும் ஏன் நீலமாவுது?"

இருபத்திரண்டு வருடத்தில் எந்த மாணவரும் என்னிடம் இதைவிட நல்ல கேள்வி கேட்டதில்லை. எழுந்து உட்கார்ந்து சொன்னேன். உப்பு என்பது இரண்டு பேர் சேர்ந்த குடும்பம். கம்பெனியில் அதனோடு அயோடின் இருக்கிற இன்னொரு உப்பைத் துளியூண்டு தூவுகிறார்கள், ஊரில் யாருக்கும் கழுத்துக் கழலை வரக்கூடாது என்று. நல்லதுக்குத்தான். எனக்கு மட்டும் இப்போது ஆகாது. கஞ்சியும் வினிகரும் நான் விடுகிற சொட்டும் சேர்ந்தால் அந்த அயோடின் தனியாக வெளியே வந்து கஞ்சியோடு ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டுதலின் நிறம்தான் நீலம்.

அத்தை கேட்டுக்கொண்டார். "எனக்குக் காட்டு" என்றார். பின்பக்கம் போனோம். நான் செய்து காட்டினேன், நீலமானது. அத்தை தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உப்பே போடாம ஒருவாட்டி செய்" என்றார்.

"எதுக்கு அத்தை?"

"அப்பவும் நீலமாச்சின்னா, உப்பு மேல பழி போட முடியாதில்ல?"

உப்பு இல்லாமல் செய்கிற அந்தச் சோதனையை வெற்றுச் சோதனை என்போம். அது ஏன் வேண்டும் என்று வகுப்பில் தலைகீழாக நின்று விளக்கினாலும் பாதிப் பேர் எழுதமாட்டார்கள். மூன்றாவது படித்த அத்தை அதைத் தானாகவே யோசித்துக் கேட்டார். உப்பில்லாத கஞ்சி வெள்ளையாகவே நின்றது. "இப்பக் கரீட்டு" என்றார் அத்தை. எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் பரவியது. நோய் வந்த நாளிலிருந்து அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வரவில்லை.

அதன் பிறகு வீட்டில் நான் ஆசிரியை இல்லை, அத்தைதான் ஆய்வகப் பொறுப்பாளர். முதல் வேலையாக ஜாடியைக் காலி செய்து கழுவினார். வண்டிக்காரரை நிறுத்தி, மூட்டைக்குள் கைவிட்டு அடியிலிருந்து ஒரு கல் எடுப்பார், மேலிருந்து ஒரு கல் எடுப்பார். இரண்டும் வெள்ளையாக இருந்தால்தான் வாங்குவார். தினமும் சோறு வடித்ததும் ஒரு கரண்டி கஞ்சி பின்பக்கம் போகும். பக்கத்து வீட்டு அக்கா ஊறுகாய் கொண்டுவந்தார், அது வாசலோடு திரும்பிப் போயிற்று. எதிர்வீட்டு டீச்சர் சர்ச்சில் ஜெபம் முடிந்து கேக் கொண்டுவந்தார். "முட்டை போட்டது, ஆவாது" என்று அத்தை கையோடு கொடுத்தனுப்பினார். யாரோ குன்றத்தூர் கோயில் புளியோதரை கொண்டுவந்தபோது மட்டும் அத்தை கொஞ்சம் தயங்கினார். பிறகு கண்ணில் ஒற்றிக்கொண்டு வாசலிலேயே நின்று முழுவதையும் தானே சாப்பிட்டார். "சாமி கோச்சிக்காது. அவளுக்கோசரம் நான் துன்னுட்டேன்" என்று உள்ளே வந்து சொன்னார்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை வந்தது. வண்டிக்காரர் அந்த வாரம் வரவே இல்லை. ஜாடியில் உப்பு இறங்கிக்கொண்டே போயிருந்தது. அத்தை என்ன செய்யப்போகிறார் என்று படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்குப் போகப்போகிறாரோ என்று உள்ளுக்குள் உதறல். அத்தை தலைக்குக் குளித்துவிட்டு வந்தார். பரணிலிருந்து கைப்பிடி அளவுக்கு ஒரு குட்டி ஜாடியை இறக்கினார், துடைத்துப் பொட்டு வைத்தார். பெரிய ஜாடியிலிருந்த உப்பை அதில் மாற்றினார். விளிம்பு வரை நிறைந்தது.

"பாத்தியா, ரொம்பிகினு கீது" என்றார் என்னைப் பார்த்து.

லட்சுமிக்கும் குறை இல்லை, எனக்கும் குறை இல்லை. இந்த யோசனை என் அறிவுக்கு எட்டியிருக்காது. சத்தியமாக எட்டியிருக்காது.

பதினாறு நாள் கழித்து மருத்துவமனைக்குப் போனேன். ஈயக் குப்பியைத் திறந்து வைத்துவிட்டுப் பணியாளர் விலகி நின்றார். மாத்திரை சாதாரண மாத்திரை மாதிரிதான் இருந்தது. தண்ணீர் குடித்து விழுங்கினேன். மூன்று நாள் அந்த அறையில் தனியாக இருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் சில நாள் யாரோடும் நெருங்கக்கூடாது என்றார்கள். அத்தை தட்டை வாசற்படியில் வைத்துவிட்டுக் கூடத்தின் கோடியில் போய் உட்கார்ந்துகொள்வார். நாட்காட்டியில் எட்டாவது நாளை மஞ்சளால் வட்டமிட்டு வைத்திருந்தார். "இன்னிக்கிப் பாதியாச்சி" என்று அன்றைக்கு அங்கிருந்தே கூவினார்.

உப்பு சாப்பிடலாம் என்று டாக்டர் அதற்கு முன்பே சொல்லிவிட்டார். அத்தைதான் ஒப்புக்கொள்ளவில்லை. மருந்து போய்ச் சேர்ந்ததா என்று ஸ்கேன் படம் வரட்டும், அப்புறம்தான் ஜாடி மாறும் என்றுவிட்டார். படம் ஒரு வியாழக்கிழமை வந்தது. உடம்பு முழுக்க எடுத்த படம். கழுத்தில் மட்டும் கறுப்பாக ஒரு புள்ளி, வேறெங்கும் பரவியிருப்பதாகத் தெரியவில்லை. மருந்து எங்கே போகவேண்டுமோ அங்கே போய் உட்கார்ந்திருந்தது. பட்டினி வீண்போகவில்லை. டாக்டர் முகத்தில் சிரிப்பு.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அத்தை என்னைப் பின்பக்கத்துக்கு வரச்சொன்னார். துவைக்கும் கல்லில் வெள்ளைத் தட்டு இருந்தது, கஞ்சி இருந்தது, வினிகர் இருந்தது. பக்கத்தில் பெரிய ஜாடி, குங்குமப் பொட்டோடு. கடையில் வாங்கிய கல் உப்புப் பாக்கெட்டைப் பிரித்து நாலு கல்லைக் கஞ்சியில் போட்டுக் கரைத்தார். வினிகர் விட்டார். சொட்டு விட்டார். கஞ்சி கருநீலமாகியது.

தட்டைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினார்.

"பாத்துக்க டீச்சரம்மா. இது கொல்லாது."

இத்தனை நாளும் அத்தை அந்த வார்த்தையை மறக்கவும் இல்லை, ஒரு நாளும் அதைத் திருப்பிச் சொல்லவும் இல்லை. "அத்தை, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. உங்க மேல தப்பே இல்லை. டாக்டர்கிட்டகூட நான் அதைச் சொல்லலை" என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

அத்தை தட்டைக் கவிழ்த்துக் கழுவினார். பிறகு உப்புப் பாக்கெட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"வெள்ளிக்கெயம. நேரமாவுது, நீ கொட்டு" என்றார்.

நான் விளிம்பு வரை கொட்டினேன்.